ஏத்தம் வெச்ச கேமரா

1

மொதல்லயே உள்ளதைச் சொல்லிப்புடறேன். இந்தக் கதை ஒரு சண்டையில பொறந்துச்சு. பெரம்பலூர்ல எங்க வூட்டுக்கு மாடி எடுத்து முடிச்ச அன்னைக்கு எம்மருமவ தெருவுல நின்னு, போனை அண்ணாக்கத் தூக்கிப் படம் புடிச்சா. பார்த்தா, வூடு பின்பக்கமா மல்லாந்து கெடக்குது. எம்மவன் குதிக்கிறான், "கொத்தனார் கோட்டை விட்டுட்டான்"னு. மருமவ சிரிக்கிறா. "வூடு சாயல, போன்தான் சாஞ்சுது. கட்டடம் படம் புடிக்கிறவங்க இதுக்குன்னே ஒரு லென்ஸ் வெச்சிருக்காங்க. கேமரா நேரா நிக்கும், லென்ஸ் மட்டும் தனியா மேல ஏறும், சாயும்"னா.

அவ சொல்லிட்டுப் போயிட்டா. எனக்கு அது மண்டைக்குள்ள உக்காந்துக்கிச்சு. இப்படி ஒரு படத்தை நம்பி, யாராச்சும் நல்லா நிக்கிற கட்டடத்தை மூடியிருந்தா? அதுவும் ஊருக்கே ஒரு கேமரா இருந்த காலத்துல? அப்படி நெனைச்ச ஒடனே ஜானகி டீச்சர் வந்து நின்னுட்டாங்க. நெசமா இருந்தவங்க இல்ல. அந்தப் பள்ளிக்கூடமும் நான் கட்டினதுதான். தேடிக்கிட்டுப் போயி, இல்லேன்னு வந்து என்னைய கேக்காதீங்க.

2

ஆரம்பம்தான் வர மாட்டேங்குது.

"1946-ஆம் வருசம், ஐப்பசி மாசம், பெரம்பலூர்ல மழை" — வேணாம். மழைன்னு எடுத்தேன்னா மழையவே எழுதிக்கிட்டிருப்பேன், டீச்சர் நனைஞ்சுக்கிட்டே நிப்பாங்க.

"ஜானகி டீச்சர் மாதிரி ஒரு பொம்பளைய நீங்க எங்கயும்" — இதுவும் வேணாம். பார்த்திருப்பீங்க. ஊருக்கு நாலு பேர் இருக்காங்க.

2 (திரும்பவும்)

கிருஷ்ணமூர்த்தி அந்தப் படத்தை மேசை மேல வெச்சான்.

(இது சரி. இதுலேருந்து போவோம்.)

"என்னங்க தம்பி இது?"ன்னாங்க ஜானகி டீச்சர்.

"நம்ம பள்ளிக்கூடம்தான் டீச்சர். நல்லாப் பாருங்க. மேல போகப் போக எப்புடி பின்னால சாயுது பாருங்க."

டீச்சர் பார்த்தாங்க. அவங்க தெனம் ஏறி எறங்கற, மாடி வெச்ச மெத்தை வூடுதான். கீழ அகலமா, மேல குறுகலா, எவனோ நெஞ்சுல கைய வெச்சுத் தள்ளிவிட்ட மாதிரி மல்லாக்கச் சாஞ்சு நின்னுச்சு.

"கண்ணால பார்த்தா சாயலையே தம்பி."

"தெனம் பார்க்கிற கண்ணு பழகிப் போயிருக்கும் டீச்சர். கேமராவுக்கு என்ன பழக்கம்? உள்ளதைக் காட்டுது."

இந்தக் கிருஷ்ணமூர்த்தியை நான் கெட்டவனா எழுதத்தான் நெனைச்சேன். கதைக்கு வசதியா இருக்கும். ஆனா பையன் அப்படி வரல. புதுசா ஒரு பொட்டிக் கேமரா வாங்கியிருக்கான், அரியலூர்ல படுத்துக் கெடக்கிற தாய்மாமனுக்கு சந்தோசமா இருக்கட்டுமேன்னு அவரு வூட்டைப் படம் புடிச்சுக் கொண்டு போயிக் காட்டியிருக்கான். படத்தைப் பார்த்து அவனே மொதல்ல பயந்துட்டான். அவ்வளவுதான் அவன் செஞ்சது.

அந்த மாமன்தான் பண்ணைக்காரர் இராமலிங்கம். அவங்கப்பா கட்டின மெத்தை வூட்டைத்தான் பொம்பளப்புள்ளைங்க படிக்கட்டும்னு பள்ளிக்கூடத்துக்கு விட்டிருந்தாரு. இப்ப இடுப்புல அடிபட்டு கட்டிலோட கெடக்காரு. பஸ்சுல ஏறக் கூடாதுன்னுட்டாரு வைத்தியரு. அந்தக் கரி வண்டியில* குலுங்கி வந்தா உள்ள இடுப்பும் போயிரும்.

"மாமா என்ன சொன்னாரு?"

"பொங்கலோட மாடியப் பூட்டிரச் சொல்லிட்டாரு."

மாடியில இருந்தது எட்டாவது மட்டும்தான். கீழ ஏற்கெனவே நெரிசல், ஏழாவது வகுப்பு வாசப்படி வரைக்கும் உக்காந்திருக்கு. எட்டாவது முடிச்சு அந்தப் பரீட்சை எழுதினாத்தான் அந்தப் புள்ளைங்க டீச்சர் டிரெயினிங்குக்குப் போக முடியும். எட்டாவது இல்லேன்னா தை மாசமே மூணு வூட்டுல பந்தக்கால் நட்டுருவாங்க. யாரு யாரு வூடுன்னுகூட டீச்சருக்குத் தெரியும்.

"கொத்தனாரை வெச்சுப் பார்க்கலாமே தம்பி."

"சொன்னேன் டீச்சர். 'கொத்தன் வேலை வரும்னா சாயுதும்பான், சோம்பலா இருந்தா நல்லாருக்கும்பான். போட்டோ அப்புடிப் பேசாது'ங்கிறாரு."

டீச்சர் படத்தை ஒரு தரம் திருப்பி வெச்சாங்க, திரும்ப எடுத்தாங்க.

"சரி. அப்ப போட்டோவுக்குப் போட்டோ வெப்போம்"னாங்க.

* பெட்ரோல் கெடைக்காத காலம். பஸ்சுக்குப் பின்னாடி ஒரு அடுப்பு, அதுல கரி போட்டு, அந்தப் புகையில வண்டி ஓடுச்சு. மேட்டுல ஏறலேன்னா எறங்கித் தள்ளணும். பெரம்பலூர்ல ரயில் இல்ல, அன்னைக்கும் இல்ல, அப்புறம் வேற வழி?

3

இப்ப போட்டோக்காரர். இவரோடதான் எனக்குச் சங்கடம்.

மொதல்ல எழுதினப்ப உத்திராபதியை ஒரு ஞானி மாதிரி எழுதிட்டேன். பேசவே மாட்டாரு, கையில லென்ஸை வெச்சுக்கிட்டு வானத்தைப் பார்ப்பாரு. படிச்சுப் பார்த்தா எனக்கே கொட்டாவி வந்துச்சு. கிழிச்சுப் போட்டேன் (போன்ல எப்படிக் கிழிக்கிறது, அழிச்சேன்னு வெச்சுக்கோங்க).

இப்ப இருக்கிற உத்திராபதி வாசனை எண்ணெ தடவி வகிடு எடுத்தவரு. அரியலூர் ஸ்டேசன் பக்கத்துல ஸ்டூடியோ. அதுக்கு முன்னாடி ரயில்வே பாலத்தையெல்லாம் படம் புடிச்ச ஒரு வெள்ளைக்காரர்கிட்ட வேலை பார்த்தவரு. அவரு ஊருக்குப் போறப்ப விட்டுட்டுப் போன பெரிய மரக் கேமரா இவருகிட்ட இருந்துச்சு. அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா எதிராளி எழுந்திருச்சுப் போனாலும் நிறுத்த மாட்டாரு.

பள்ளிக்கூடத்தைச் சாயாம நேராப் படம் புடிச்சுக் குடுக்கணும்னு டீச்சர் பஸ் கண்டக்டர்கிட்ட இவருக்குச் சொல்லியனுப்பினாங்க. கண்டக்டர் வாயிலயே பதிலும் வந்துச்சு. ஆனா டீச்சர் பாடம் நடத்திக்கிட்டிருந்தாங்க. பஸ்சுக்கிட்ட போயிக் கேட்டுக்கிட்டு வந்தது பள்ளிக்கூட ஆயா வீராயி. சேதி இதுதான்:

"ஏத்தம் வெச்சது கொண்டாரேன். புதன்கெழமை வரேன். ஏத்திப் பார்க்க எடம் சரி பண்ணி வையுங்க."

லென்ஸ் மேல ஏறும் பாருங்க, அதுக்கு அவரு வெச்சிருந்த பேரு ஏத்தம். எங்க ஊர்ல ஏத்தம்னா ஒண்ணுதான். கெணத்துல தண்ணி எறைக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு எதுத்தாப்புல கள்ளி வேலிக்கு அந்தாண்ட வீரமுத்துவோட வெங்காயக் கொல்லை. அவரு கெணத்து ஏத்தம் முறிஞ்சு, பயிரு வாடுதேன்னு தவிச்சுக்கிட்டிருந்தாரு. வீராயி நேரா அவருகிட்ட போயி, "அண்ணே, டீச்சரம்மா ஒனக்கு ஏத்தம் பார்க்க அரியலூர்லேருந்து ஆளு சொல்லியிருக்காங்க"ன்னு சொல்லிட்டா.

4

புதன்கெழமை. மாடியில கணக்குப் பாடம். வெளிய இருந்து சத்தம் வந்துச்சு, ஜானகி டீச்சர் எட்டிப் பார்த்தாங்க. எதுத்த கொல்லையில, கெணத்து மேட்டுல, சட்டை போட்ட ஒருத்தரு மரப்பொட்டிய நெஞ்சோட கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. வீரமுத்து அதைப் புடிச்சு இழுக்கிறாரு.

"ஏங்க, நீங்கதானே ஏத்தம் கொண்டாந்தது?"

"நான்தான்யா. அதுக்கு?"

"எறக்குங்கன்னா எறக்க மாட்டேங்கறீங்க?"

"கெணத்துக்குள்ளயா? யோவ், நனைஞ்சா பொட்டியோட தோலு வெறைச்சுப் போயிரும்யா!"

"நனையாம எந்த ஊர்ல ஏத்தம் எறைக்கிறான்? ஏ வீராயி, யாரப் புடிச்சாந்த நீ?"

"நான் என்னத்தைக் கண்டேன், அந்தாளுதான் ஏத்தம் ஏத்தம்னு சொல்லியனுப்பினாரு!"

டீச்சர் புள்ளைங்களை உக்காரச் சொல்லிட்டு ஓடியாந்தாங்க. வேலி சந்துல நொழைஞ்சு போயி விசயத்தைச் சொன்னாங்க. வீரமுத்துவுக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு. "படம் புடிக்கவா? அதுக்கா எங்கொல்லையில வந்து நிக்கிறான்?"

"வாங்க, ரோட்டுக்குப் போயிருவோம்"னாங்க டீச்சர்.

உத்திராபதி நகரல. பள்ளிக்கூடத்தைப் பார்த்தாரு. கெணத்து மேட்டைப் பார்த்தாரு. "அம்மா, ரோட்டுல நின்னா அண்ணாந்துதான் பார்க்கணும். அங்க என் ஏத்தமும் பத்தாது, மீறி ஏத்தினா படத்து மூலை இருட்டிப் போயிரும். இந்த எடத்தை நானே தேடினாலும் கண்டுபுடிச்சிருக்க மாட்டேன். இங்கேயே வெக்கிறேன்"னாரு.

(இந்த எடத்துல எனக்கே சந்தோசமா இருந்துச்சு. ஏத்தம்ங்கிற சொல்லை நான் சிரிக்கத்தான் போட்டேன். அது பாட்டுக்கு அவரைச் சரியான எடத்துல கொண்டாந்து நிறுத்திருச்சு.)

5

முக்காலிய நட்டு, கேமராவை வெச்சு, அடியில நூல்ல ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு மட்டம் பார்த்தாரு. பார்த்துக்கிட்டே பேச்சு.

"அந்தத் தம்பி என்ன பண்ணியிருக்காரு, கேமராவையே அண்ணாக்கப் புடிச்சிருக்காரு. கேமரா மல்லாந்தா படத்துல வூடும் மல்லாரும். நம்முளுது அப்படி இல்லம்மா. ஒடம்பு நிமிந்து நிக்கும். மூஞ்சிய மட்டும் மேல தூக்கிக்கலாம்." ஒரு திருகாணியத் தளத்தி, லென்ஸ் பலகைய மேல ஏத்தினாரு. தோல் பை அதுக்கேத்தாப்புல கோணிக்கிட்டு ஏறுச்சு. "வந்து பாருங்க."

டீச்சர் கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டாங்க. பின்னாடி ஒரு மங்கல் கண்ணாடி, அதுல பென்சில் கோடு கட்டம் கட்டமா. அந்தக் கட்டத்துக்குள்ள பள்ளிக்கூடம் தலைகீழாத் தொங்குச்சு. மொட்டை மாடி கீழ, வாசப்படி மேல.

வீராயியும் ஒரு தரம் பார்த்தா. "ஆத்தாடி! அந்தப் புள்ள சாய்ச்சுது, இவரு கவுத்தே புட்டாரே!"

உத்திராபதி சிரிக்கல. அவரு கண்ணு கண்ணாடிலயே இருந்துச்சு. நூலைப் பார்த்தாரு, மட்டம் பார்த்தாரு, திரும்பத் துணிக்குள்ள போனாரு. அவரு வாயி அடைச்சுப் போயிருந்ததுதான் டீச்சருக்குப் பயமா இருந்துச்சு.

"என்னங்க?"

"சொவரெல்லாம் கோட்டுல நிக்குதும்மா. ஜன்னல் நிக்குது. மாடியத் தாங்கற ஆறு தூணுல அஞ்சு கோட்டுல நிக்குது." துணியிலேருந்து தலைய வெளிய எடுத்தாரு. "வடக்கு ஓரத் தூணு நிக்கல. வெளிப்பக்கமா சாயுது."

"உங்க கேமரா..."

"கேமரா கோணலா இருந்தா எல்லாம்ல கோணணும்? ஒண்ணு மட்டும் எப்படிக் கோணும்?"

டீச்சர் கையில கிருஷ்ணமூர்த்தியோட படம் இருந்துச்சு, ஒத்துப் பார்க்கணும்னு கொண்டாந்தது. ரெண்டு பேரும் குனிஞ்சு பார்த்தாங்க. அதுல எல்லாத் தூணும் நடுவைப் பார்த்துச் சாஞ்சிருக்கு. வடக்குத் தூணு மட்டும் கம்பு நட்ட மாதிரி நேரா நிக்குது. வெளிய சாஞ்ச தூணை அந்தப் படம் உள்ள இழுத்து நேராக்கிப்புடுச்சு. நல்லா நின்ன வூட்டையெல்லாம் சாய்ச்சுட்டு, சாஞ்ச ஒண்ணை மட்டும் நிமித்திக் காட்டியிருக்கு.

டீச்சர் ரோட்டைத் தாண்டிப் போனாங்க. அந்தத் தூணு மேல கைய வெச்சாங்க. அப்புறம் மாடியேறினாங்க. பெஞ்சு இழுக்கிற சத்தம் கொல்லை வரைக்கும் கேட்டுச்சு. வடக்கு ஓரத்துல இருந்த புள்ளைங்களையெல்லாம் தெக்குச் சொவர்ப் பக்கம் நெருக்கி உக்கார வெச்சுட்டு எறங்கி வந்தாங்க.

6

உத்திராபதி ஒரு வழி சொன்னாரு.

"கேமராவைக் கொஞ்சூண்டு அண்ணாத்திட்டா அந்தத் தூணு நிமிந்துரும்மா. மத்தது எல்லாம் ஒரு நூல் உள்ள சாயும், யாரு கண்டுபுடிக்கப் போறா? தெக்கு ஓரத்தை அந்த வேப்பங்கெளை மறைச்சிரும். பண்ணைக்காரரு பார்த்தா நல்லாருக்குன்னுதான் சொல்லுவாரு. படம் விழற கண்ணாடித் தட்டு ரெண்டுதான் இருக்கு. ஒண்ணு ஒடைஞ்சிருக்கோன்னு சந்தேகம். யோசிச்சுச் சொல்லுங்க."

எழுதறவளா நானும் இங்க யோசிச்சேன். அவரு சொன்ன வழியிலயே ஒரு தரம் எழுதியும் பார்த்தேன். அது இப்படிப் போச்சு:

"சரிங்க, அப்படியே புடிங்க"ன்னாங்க ஜானகி டீச்சர். படம் அழகா வந்தது. இராமலிங்கம் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. மாடி தெறந்தே இருந்தது. மூணு புள்ளைங்களும் பரீட்சை எழுதி

நிறுத்திட்டேன். புள்ளைங்க எழுதறாங்க, நல்லாத்தான் எழுதறாங்க. ஆனா எனக்கு அந்தத் தூணு மேலயே கண்ணு. ஒவ்வொரு வரிக்கும் அது இன்னும் கொஞ்சம் சாயுது. கதையில இருக்கிற எல்லாரையும் லேசா அண்ணாத்தி நேராக்கறது எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல, கிருஷ்ணமூர்த்தியக்கூட அப்படித்தான் நல்லவனாக்கிட்டேனோன்னு ஒரு சந்தேகம் இருக்கு. ஆனா தூணு மேல புள்ளைங்க உக்காந்திருக்கு. அங்க கைய வெக்க மாட்டேன்.

டீச்சரும் வெக்கல.

"நேராவே புடிங்க"ன்னாங்க.

"தூணு தெரியும்மா."

"தெரியட்டும்."

"உங்க பள்ளிக்கூடத்தை நீங்களே காட்டிக் குடுக்கறீங்க."

"அந்தத் தம்பி படம் என் பள்ளிக்கூடத்தைப் பத்திப் பொய் சொல்லுச்சுன்னுதானே உங்களைக் கூப்பிட்டேன்? நானும் பொய்ப் படம் வெக்கறதுன்னா அவருகிட்டயே இன்னொண்ணு புடிக்கச் சொல்லியிருப்பேனே. உங்களை எதுக்குங்க கரி வண்டியில வரவெச்சேன்?"

உத்திராபதி வகிட்டைத் தடவிக்கிட்டாரு. கறுப்புத் துணிக்குள்ள போனாரு. லென்ஸ் மூடியக் கழட்டி, வாயிக்குள்ள எண்ணி, திரும்ப மூடினாரு.

"வேலை முடிஞ்சுதா?"ன்னாரு வீரமுத்து. "அப்ப எல்லாருமாச் சேந்து எனக்கு நாலு கொடம் தண்ணி எறைச்சுக் குடுத்துட்டுப் போங்க." எறைச்சாங்க. டீச்சரும்தான்.

7

படத்தைத் தபால்ல அனுப்பலாம்னாரு உத்திராபதி. டீச்சர் ஒத்துக்கல. சனிக்கெழமை அவங்களே பஸ் ஏறினாங்க, ஒரு மேட்டுல எறங்கித் தள்ளினாங்க, அரியலூர் போயி ஸ்டூடியோவுல படத்தை வாங்கிக்கிட்டு பண்ணைக்காரரு வூட்டுக்குப் போனாங்க.

இராமலிங்கம் தலைகாணிய அணைச்சு வெச்சு சாஞ்சிருந்தாரு. பக்கத்துல கிருஷ்ணமூர்த்தி.

"வாங்க டீச்சரம்மா. உக்காருங்க."

"நிக்கிறேங்கய்யா. மொதல்ல இதைப் பாருங்க."

ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாங்க. பெரியவரு கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாரு. புதுப் படத்துல அவங்கப்பா கட்டின வூடு எப்படி நின்னுச்சோ அப்படியே நின்னுச்சு. அவரு வெரலு ஜன்னல் ஜன்னலாப் போயி, வடக்கு ஓரத்துல நின்னுருச்சு.

"இது ஒண்ணு சாஞ்சிருக்கே?"

"ஆமாங்கய்யா."

"அப்ப எம்மருமவன் சொன்னது சரிதானே?"

"இல்லீங்க. தம்பி படத்துல வூடு சாஞ்சிருக்கு, இந்தத் தூணு நேரா இருக்கு. இதுல வூடு நேரா இருக்கு, தூணு சாஞ்சிருக்கு. வூடே சாஞ்சா நீங்க பூட்டணும், நானே சாவியக் கொண்டாந்து குடுப்பேன். தூணு சாஞ்சா தூணைத்தான் எடுத்துக் கட்டணும்."

கிருஷ்ணமூர்த்தி ரெண்டு படத்தையும் வாங்கி மாத்தி மாத்திப் பார்த்தான். "மாமா, டீச்சர் சொல்றது..."ன்னு ஆரம்பிச்சான். மாமன் கைய ஒசத்தினாரு, அவன் அடங்கிட்டான்.

"இதை நீங்க மறைச்சிருக்கலாம்ல டீச்சரம்மா?"

"மறைக்கலாம்னுதான் போட்டோக்காரரும் சொன்னாரு."

"தூணு தெரிஞ்ச அப்புறம் நான் எப்படி மாடியத் தெறந்து வெக்கிறது? எங்கப்பா வூட்டுல ஒரு புள்ளைக்கு ஒண்ணுன்னா, நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"முட்டுக் குடுத்தாச்சுங்கய்யா, வீரமுத்து பனங்கட்டை குடுத்தாரு. புள்ளைங்க எல்லாம் தெக்கால உக்காந்திருக்கு. நீங்க கொத்தனார் அனுப்புற வரைக்கும் அந்தப் பக்கம் யாரும் போக மாட்டாங்க. வடக்கு வாசலுக்கு நான்தான் காவல்."

பெரியவரு படத்தை மடியில வெச்சுக்கிட்டாரு. கண்ணாடியக் கழட்டினாரு. டீச்சர் இன்னும் உக்காரல.

8

இங்கதான் நான் நிக்கிறேன்.

முடிவு ரெண்டு எழுதி வெச்சிருக்கேன்.

(அ) "கொத்தனைக் கூப்பிடுடா கிருஷ்ணமூர்த்தி"ன்னாரு.

(ஆ) "தூணு கட்டி முடியட்டும் டீச்சரம்மா, அப்புறம் பார்ப்போம்"னாரு. அந்த அப்புறம் வர்றதுக்குள்ள தை வந்துரும்னு டீச்சருக்குத் தெரியும்.

(இ)ன்னு ஒண்ணு ஆரம்பிச்சேன். அதுல பெரியவரு அழுதாரு. அவரு அப்படி அழற ஆளு இல்ல, விட்டுட்டேன்.

(அ)வைப் படிச்சா மனசு குளுருது. ஆனா அது என் ஆசை. கேமராவை நான் அண்ணாத்திப் புடிக்கிற மாதிரி இருக்கு. (ஆ)வைப் படிச்சா, கசந்தாத்தான் உண்மைன்னு நெனைச்சு நான் வேணும்னே கீழ குனிச்ச மாதிரி இருக்கு. அவரு பயப்படறதும் ஞாயம், டீச்சர் கேக்கறதும் ஞாயம். இதுல எதைக் கோட்டுல நிறுத்தறதுன்னு எனக்குப் புடிபடல. நீங்க எங்க நின்னு பார்க்கறீங்களோ, அங்கேருந்து சொல்லுங்க. அவரு வாயைத் தெறந்துட்டாரு. வார்த்தை உங்களுது.

ஆனா ஒண்ணு. திங்கக்கெழமைய உங்ககிட்ட விட மாட்டேன், அதை நான் எழுதிட்டேன்:

திங்கக்கெழமை காலையில மணி அடிச்சுது. எட்டாவது உக்காந்திருந்துச்சு. தெக்குச் சொவரோரமோ, வீரமுத்து கொல்லையில கெணத்து மேட்டுலயோ, அது பெரியவருக்கு நீங்க குடுத்த வார்த்தையப் பொறுத்தது. ஜானகி டீச்சர் சாக்கட்டிய எடுத்து, "நேத்து எங்க விட்டோம்?"னாங்க. "நேத்து ஞாயித்துக்கெழமை டீச்சர்"னா ஒருத்தி. எல்லாரும் சிரிச்சாங்க. டீச்சர் சிரிக்காம, "அப்ப ஒரு நாள் பின்தங்கிட்டோம், சிலேட்டை எடுங்க"ன்னாங்க.